இசைக்கருவிக் கடைத்தெரு தேய்ந்தால் கூத்துப் பெட்டி ஏன் ஊமையாகிறது?

2024 மே மாதம் அமெரிக்காவில் சாம் ஆஷ் என்ற இசைக்கருவிக் கடை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 1924-ல் தொடங்கி நூறு ஆண்டுகள் ஓடிய குடும்ப வியாபாரம். ஜூலை முடிவதற்குள் அத்தனை கிளைகளையும் மூடிவிட்டார்கள். இதற்கு நாலு வருடம் முன்னால், 2020-ல், ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனை அந்த ஆண்டில்தான் என்று அறிவித்தது.

இரண்டு செய்தியும் உண்மை. கருவி விற்கிறது, கடை மூடுகிறது. இது எப்படி என்று பலருக்கும் குழப்பம். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: எங்கோ அமெரிக்காவில் ஒரு கடை மூடினால் பென்னாகரத்துக்காரருக்கும் காவேரிப்பட்டணத்துக்காரருக்கும் என்ன வந்தது?

நிறையவே வந்தது. அங்கே கடைத்தெருக்களைச் சாய்த்த காரணங்களில் பாதி இங்கேயும் வேலை செய்கின்றன. இங்கே பாதிப்பு வேறு இடத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். லண்டனில் ஒரு தெருவின் அழகு போனது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூத்து ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், ஆர்மோனியப் பெட்டியையும், பம்பைக்காரரின் பம்பையையும், இசைப்பள்ளி மாணவனின் மிருதங்கத்தையும் சரிசெய்யும் ஆள் கிடைக்காமல் போகிறார். அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே தெருவில் ஏன் இத்தனை கடை?

ஒரே பொருளை விற்பவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவது வெளியிலிருந்து பார்த்தால் புத்திசாலித்தனமாகத் தெரியாது. ஆனால் ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா வியாபாரியும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் விவசாயி அங்கே வண்டியை விடுகிறார். விவசாயி வருவதால்தான் வியாபாரியும் அங்கே இருக்கிறார். ஆல்பிரட் மார்ஷல் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1890-லேயே இதை எழுதிவைத்தார். ஒரே தொழில் ஓரிடத்தில் திரளும்போது தேர்ந்த வேலைக்காரர்கள் அங்கே சேர்கிறார்கள், மூலப்பொருளும் உதிரிப் பொருளும் அங்கே வந்து விழுகின்றன, தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவுகிறது என்றார்.

இசைக்கருவித் தெருக்கள் அப்படி உருவானவைதான். லண்டனின் டென்மார்க் தெரு நீளத்தில் மிகச் சின்னது. 1911 முதல் அங்கே இசைப் பதிப்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு ஒலிப்பதிவுக் கூடங்கள், இசைப் பத்திரிகைகள், கடைசியாக கிட்டார் கடைகள். நியூயார்க்கில் மேற்கு 48-ஆம் தெருவில் 1935-ல் மேனிஸ் என்ற கடை வந்தது. அதைச் சுற்றி ஒரு தெருவே வளர்ந்தது. டோக்கியோவில் ஓச்சனோமிசு. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு மெஜஸ்டிக்கை ஒட்டிய பளேபேட்டை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பெயர் சொல்லும்படியான இசைக்கருவித் தெரு கிடையாது. இங்கிருப்பவர்கள் வேலையைப் பொறுத்து வடக்கே பெங்களூருக்கோ தெற்கே சேலத்துக்கோ பஸ் ஏறுவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65. ஆக, பெரிய ஊரில் ஒரு கடைத்தெரு நன்றாக இருந்தால் அதன் நிழல் நம் ஊர் வரை நீளும். உள்ளூரில் இருக்கும் ஒன்றிரண்டு சின்னக் கடைகளும் உதிரிப் பொருளுக்கு அந்தத் தெருக்களையே நம்பியிருக்கின்றன.

கடை என்ற பெயரில் மூன்று தொழில்

இசைக்கருவிக் கடை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் கிட்டார் தொங்கும் இடம் என்றுதான் நினைப்போம். உண்மையில் அதற்குள் மூன்று தொழில்கள் ஓடுகின்றன.

1. புதுக் கருவி விற்பது. கண்ணுக்குத் தெரியும் தொழில் இது.

2. பழைய கருவியை வாங்கி விற்பது, வாடகைக்குக் கொடுப்பது. கல்யாண சீசனிலும் திருவிழாவிலும் பேண்டு செட்டுக்காரர்கள் இதை நம்பியே இருப்பார்கள். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கும் முதல் கருவி பழையதாக இருந்தால் கைக்கு அடங்கும் விலையில் கிடைக்கும்.

3. பட்டறை. கடையின் பின்பக்கமோ, வாசல் திண்ணையோ, பக்கத்துச் சந்தோ, அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடை முதலாளிக்குச் சம்பள ஆளாகவும் இருக்கலாம், தனி ஆளாகவும் இருக்கலாம். கடைக்கு வரும் கூட்டம்தான் அவருக்கு வேலை கொண்டுவரும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். கையால் துருத்தி அழுத்தும் இந்திய ஆர்மோனியத்தை 1875-ல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் வடிவமைத்தார். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இந்தக் கருவியைத் தள்ளி வைத்திருந்தது. தெருக்கூத்து மேடை ஒருநாளும் அதைத் தள்ளவில்லை. பெட்டிக்காரர் சுருதி பிடிக்காமல், கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன்கூட வாய் திறக்க முடியாது. பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் குறைந்தது ஒரு பித்தளை நாக்கு உண்டு. அதை ரீடு என்பார்கள். ஒரு சின்னப் பிளவின் மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய தகடு அது. காற்று போகும்போது அதிர்ந்து ஒலிக்கும். பிளவில் ஒரு தூசு மாட்டினாலும் அந்தச் சுரம் ஊமை. துருத்தியின் மடிப்பில் கிழிசல் விழுந்தால் காற்று ஒழுகி, பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பெட்டி மூச்சு வாங்கும்.

சுருதி விலகினால் என்ன செய்வது? ரீடின் நுனியில் மெதுவாகச் சுரண்டினால் நுனியின் எடை குறைந்து ஒலி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் தகடு தளர்ந்து ஒலி இறங்கும். கேட்க எளிது. ஆனால் எவ்வளவு சுரண்டுவது என்பது காதுக்கும் கைக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. ஒரு உரசல் கூடினால் ரீடு போச்சு. அப்புறம் வேறு ரீடு வேண்டும். ரீடு செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர் குஜராத்தின் பாலிதானா. அங்கே செய்யும் ரீடு பாலக்கோட்டுக்காரர் கைக்கு வந்து சேர வேண்டுமானால் நடுவில் ஒரு கடை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மிருதங்கம் இன்னும் நுட்பம். வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டத்துக்குக் கரணை என்று பெயர். வடித்த சோற்றைப் பசையாக மசித்து, அதில் ஒருவகைக் கருப்புக் கல்லின் பொடியைச் சேர்த்துக் குழைத்து, தோலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அப்புவார்கள். ஒவ்வொரு பூச்சையும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, காய வைத்து, அடுத்த பூச்சு. நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிந்தும் வர வேண்டும். அந்த மேடு சரியாக அமைந்தால்தான் மிருதங்கம் சுருதியோடு பேசும். வாசிக்க வாசிக்க கரணை உதிரும். தொடர்ந்து வாசிப்பவர் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தோலே போய்விட்டால் முழுதாக மாற்றி, வார் இழுத்துக் கட்ட வேண்டும்.

தவிலும் நாதசுரமும் இப்படித்தான். நாதசுரக்காரருக்கு, ஊதும் முனையில் செருகும் சீவாளி தீர்ந்துகொண்டே இருக்கும் பொருள். கொறுக்கைத் தட்டையில் செய்யும் அந்தச் சின்னத் துண்டு காவிரிக் கரையில் தயாராகி இங்கே வருகிறது. வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். படம் பார்த்து வாங்குகிற பொருள் இல்லை அது.

பட்டறையின் அடுப்பு எதில் எரிகிறது?

இங்கேதான் விடை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, எந்தக் கடையுடைய கணக்கும் இல்லை.

ஒரு கடை மாதம் 20 கிட்டார், கீபோர்டு விற்கிறது. ஒன்றுக்கு 1,000 ரூபாய் மிச்சம் என்றால் 20,000. கடை வாடகை 12,000. மின்சாரம், உதவிக்கு ஒரு பையன் என்று போக முதலாளிக்கு ஏதோ நிற்கும். பட்டறையில் ஆர்மோனியத்துக்கு ஒரு ரீடு மாற்றி, துருத்தி ஒட்டி, சுருதி பார்க்க அரை நாள் ஆகிறது. கேட்கும் கூலி 400 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் கூத்துக்காரர் கொடுக்க முடியாது. ஒரு நாளைக்கு இப்படி இரண்டு வேலை வந்தால் பட்டறைக்காரரின் கூலி தேறும். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வாடகை தேறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் ஒரு ரீடை வாங்கி டப்பாவில் போட்டுவைக்கும் முதலும் தேறாது.

அந்த வாடகையையும் முதலையும் கொடுத்தது கிட்டார் விற்ற லாபம். புதுக் கருவி வாங்கியவர் தனக்கே தெரியாமல் பழைய ஆர்மோனியக்காரரின் பழுதுக்கு ஒரு பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். பொருளியலில் இதைக் குறுக்கு மானியம் என்பார்கள்: ஒரு பக்க வருமானம் இன்னொரு பக்கச் செலவைத் தாங்குவது.

இப்போது 20 கிட்டார் 8 ஆகக் குறைந்தால்? 8,000 ரூபாய் வாடகைக்கே போதாது. முதலாளி முதலில் கடையை மூடுவதில்லை. டப்பாவில் ரீடு வாங்கி வைப்பதை நிறுத்துவார். பிறகு பட்டறை இடத்தில் கைப்பேசி உறை, இயர்போன் தொங்கும். கடைசியில்தான் ஷட்டர் இறங்கும். ஷட்டர் இறங்கும்போதுதான் செய்தி வரும். பட்டறை அதற்குச் சில வருடம் முன்பே போயிருக்கும்.

எவையெல்லாம் சேர்ந்து தள்ளின?

1. இணைய விற்பனை. எல்லோரும் முதலில் சொல்லும் காரணம், சரியான காரணமும்கூட. கடைக்கு வந்து நாலு கிட்டாரை வாசித்துப் பார்த்து, எது பொருத்தம் என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் 500 ரூபாய் குறைவாக ஆர்டர் போடுவது. ஆலோசனைக்கு உழைப்பு ஒருவருடையது, விற்பனை இன்னொருவருடையது. வாங்குபவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓசூர் ஆலையில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் பையனுக்கு 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் வரும் கிட்டாரை யாரும் சரிபார்த்து அனுப்புவதில்லை. கம்பி விரற்பலகையிலிருந்து உயரமாக நிற்கும். அழுத்த அழுத்த விரல் நுனி புண்ணாகும். கடையில் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுக்கும் குறை அது. அதைத் தன் கையின் குறை என்று நினைத்து எத்தனையோ பிள்ளைகள் சில மாதத்தில் கிட்டாரைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

2. வரி ஏற்பாடு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இசைக்கருவிகளை 28 சதவீத அடுக்கில் வைத்தார்கள். அந்த நவம்பரிலேயே 18 சதவீதத்துக்கு இறக்கினார்கள். கையால் செய்யும் நாட்டுக் கருவிகளுக்கு வரி இல்லை, இது நல்ல முடிவு. ஆனால் சின்னக் கடையின் லாபம் கிட்டாரிலும் கீபோர்டிலும்தான் இருந்தது என்பதை மேலே பார்த்தோம். அடி விழுந்தது அங்கே. இன்னொன்று: ஜிஎஸ்டி பதிவு எடுக்காத சிறு வணிகர் இணையச் சந்தைகளில் பொருள் விற்க 2023 அக்டோபர் வரை வழி இல்லை. அதன் பிறகும் மாநிலத்துக்குள் மட்டும்தான். ஓசூர் கடைக்காரருக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு, பக்கத்திலேயே ஆந்திர எல்லை. இயல்பான வாடிக்கையாளர் பாதிப் பேர் வேறு மாநிலத்தில். எல்லை மாவட்டத்துச் சிறு வணிகரை இந்த விதி மற்றவர்களைவிட அதிகமாகக் கட்டிப்போடுகிறது.

3. கருவியே மாறியது. பெங்களூருவில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பாடகர்களுக்கு அது பெரிய வரம், கடைகளுக்கும் நல்ல சரக்கு. பிறகு அதே சுருதி கைப்பேசிச் செயலியாக இலவசமாக வந்தது. ஒரு கீபோர்டுக்குள் தபலா, ஆர்மோனியம், வயலின் எல்லாம் அடங்கின. பறைக்கும் பம்பைக்கும் தோலுக்குப் பதில் பைபர் வந்தது. வைக்கோல் கொளுத்திச் சூடு காட்ட வேண்டாம், மழையில் நனைந்தாலும் தளராது. கலைஞருக்கு இது வசதி, இதைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் பழுதே வராத கருவிக்குப் பட்டறை எதற்கு?

4. திருவிழாவின் காது மாறியது. ஊர்த் திருவிழாவுக்கு வசூலாகும் பணத்தில் கேரளச் செண்டை மேளத்துக்கும் டிஜே ஒலிபெருக்கிக்கும் ஒரு பெரிய பங்கு போகிறது. உள்ளூர் பம்பை, மேளத்துக்குக் கிடைப்பது மிச்சம். வருமானம் குறைந்த கலைஞர் முதலில் தள்ளிப்போடும் செலவு கருவியைப் பழுது பார்ப்பதுதான்.

5. பட்டறைக்காரரின் பிள்ளை. இதைப் பற்றிப் பேசுவது குறைவு, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. தோல் வேலையைச் சாதியோடு சேர்த்துக் கட்டிவைத்த சமூகம் இது. மிருதங்கத்தை வாசிப்பவருக்கு மேடையும் பொன்னாடையும். அதே மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் இழுத்து, கரணை போட்டவருக்குத் திண்ணை ஓரம். பெயர்கூட அச்சில் வராது. கூலியும் குறைவு, மதிப்பும் குறைவு என்ற வேலையைத் தன் மகன் செய்ய வேண்டாம் என்று ஒரு தகப்பன் முடிவெடுத்தால் அதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனது நல்லது. வேலையைச் சாதியிலிருந்து பிரித்து, யார் வேண்டுமானாலும் கற்கக்கூடிய, நல்ல கூலி கிடைக்கும் தொழிலாக நாம் மாற்றவில்லை என்பதுதான் தவறு. இணையக் கடை ஒன்றுகூட இல்லாமல் இருந்திருந்தாலும் இந்தப் பட்டறைகள் தேய்ந்துதான் இருக்கும்.

லண்டன், நியூயார்க், டோக்கியோ: மூன்று கதை

எல்லாத் தெருவும் ஒரே காரணத்தால் தேயவில்லை. டென்மார்க் தெருவை அழுத்தியது முக்கியமாக நிலம். பக்கத்திலுள்ள டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தைப் புது ரயில் பாதைக்காகப் பெரிதாகக் கட்டினார்கள். சுற்றியிருந்த இடத்தின் மதிப்பு ஏறியது, மறுகட்டுமானம் வந்தது. அங்கிருந்த 12 பார் கிளப் என்ற சின்ன இசையரங்கு 2015 ஜனவரியில் மூடப்பட்டது. 2022-ல் எலிசபெத் ரயில் பாதையும், தெருவை ஒட்டிய அவுட்டர்நெட் என்ற பிரம்மாண்டத் திரைக் கட்டடமும் திறந்தன. சில கிட்டார் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் தெருவின் அடர்த்தி போய்விட்டது.

நியூயார்க்கில் நிலமும் வியாபாரமும் சேர்ந்து தள்ளின. மேனிஸ் கடையை 1999-ல் சாம் ஆஷ் வாங்கியது. 2009-ல் அது மூடப்பட்டது. 2012-ல் சாம் ஆஷே 48-ஆம் தெருவை விட்டு 34-ஆம் தெருவுக்குப் போனது. 2015-ல் ரூடிஸ் கடையும் அந்தத் தெருவைக் காலி செய்தது. கவனிக்க வேண்டியது இந்த வரிசை. ஒரு கடை போனதும் அடுத்த கடைக்கு வரும் கூட்டம் குறைகிறது, அது போனதும் அதற்கடுத்தது. திரண்டிருந்ததால் கிடைத்த பலம் கலையும்போது அதே வேகத்தில் பலவீனமாகிறது. மார்ஷல் சொன்னதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டியதுதான்.

ஓச்சனோமிசு மட்டும் இன்னும் நிற்கிறது. மெய்ஜி பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெரு அது. புது மாணவர் கூட்டம் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. அங்கே பழைய கருவி வியாபாரம் கொழிக்கிறது. பழைய கருவியை வாங்கி, சரிசெய்து, தரம் பார்த்து, விலை எழுதி விற்கிறார்கள். ஒவ்வொரு பழைய கருவியும் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதால், அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வாடிக்கையாளருக்கு மனம் வராது. பட்டறை அங்கே செலவுக் கணக்கில் இல்லை, சரக்கு தயாராகும் இடமே அதுதான். சென்னை அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்றும் இருப்பதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. அவர்கள் கருவி விற்பதோடு நிற்காமல் வகுப்பும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளும் நடத்துகிறார்கள். கருவி ஒருமுறை விற்கும் பொருள். பயிற்சியும் பழுதும் திரும்பத் திரும்ப ஆளைக் கடைக்கு வரவழைக்கும்.

நம் மாவட்டங்களில் இது எங்கே போய் முடிகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் தெருக்கூத்து இன்னும் விடியவிடிய நடக்கும் மாவட்டங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, கடைசி நாள் துரியோதனன் படுகளம் வரை கொண்டுபோவார்கள். காவேரிப்பட்டணத்தில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்குப் பம்பையும் உடுக்கையும் இல்லாமல் அங்காளம்மன் புறப்பட மாட்டாள். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். ஆக, கருவிக்குத் தேவை இல்லாத ஊர் அல்ல இது. தேவை இருந்தும் சேவை தேய்கிறது. அதன் படிகள் இப்படிப் போகின்றன:

1. பெரிய ஊர்க் கடையில் உதிரிப் பொருள் இருப்பு குறைகிறது. ரீடு, வார், சீவாளி எதுவானாலும் "சொல்லி வரவழைக்கணும்" என்ற பதில் வருகிறது.

2. சின்ன ஊர்ப் பட்டறைக்காரர் ஒரு ரீடுக்காகப் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஒரு நாளைச் செலவழிக்கிறார். பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் போனால் 400 ரூபாய் வேலையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர் அந்த வேலையை எடுப்பதை நிறுத்துகிறார்.

3. பெட்டிக்காரர் ஊமைக் கட்டையைத் தவிர்த்து வாசிக்கப் பழகுகிறார். அல்லது பாட்டையே ஒரு கட்டை ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்கிறார். இறக்கினால் கூத்தின் உச்சக்குரலுக்கு வலு போய்விடும். ஏற்றினால் நடுச்சாமத்துக்குள் தொண்டை கட்டும்.

4. அதுவும் முடியாதபோது கீபோர்டு வருகிறது. கீபோர்டுக்கு மின்சாரம் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கி வந்ததும் மிருதங்கமும், சின்ன ஊதுகுழலான முகவீணையும் அதோடு போட்டிபோட வேண்டிய நிலை. முகவீணை முதலில் விழும்.

5. புதிதாகக் கற்க வரும் பிள்ளைக்கு நல்ல சுருதியில் இருக்கும் பழைய பெட்டி கிடைப்பதில்லை. சுருதி பிசகிய பெட்டியில் கற்றவருக்குக் காது அப்படியே பழகிவிடுகிறது. கருவியை மாற்றிவிடலாம், பழகிய காதை மாற்றுவது கடினம்.

ஐந்தாவது படிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் நான்கையும் பணம் போட்டுச் சரிசெய்யலாம்.

என்ன செய்ய முடியும்?

பழைய தெருவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புதுக் கருவியை இணையத்தில் வாங்கும் பழக்கமும் திரும்பாது. எனவே பட்டறையைப் புதுக் கருவி விற்பனையின் தோளிலிருந்து இறக்கி, வேறு தோளில் ஏற்ற வேண்டும்.

அரசிடம் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் நிதியுதவி கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதோடு பழுதுபார்ப்புக்கும் ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்தால், அதில் ஒவ்வொரு ரூபாயும் ஒரு கலைஞருக்கும் ஒரு பட்டறைக்காரருக்கும் சேர்ந்தே போகும். பத்தாயிரத்தில் வாங்கும் புதுப் பெட்டியைவிட, இரண்டாயிரத்தில் சுருதி சேர்த்த பழைய பெட்டி பல நேரம் நன்றாகப் பேசும். பழைய மரம், நல்ல ரீடு. கூத்துக்காரர்களுக்கு இது தெரியும்.

கிருஷ்ணகிரி இசைப்பள்ளியில் வாசிக்கக் கற்றுத்தருவது போல, கருவி பழுதுபார்க்கவும் ஒரு பகுதிநேர வகுப்பு வரலாம். தோல் கட்டுவது, கரணை போடுவது, ரீடு சுரண்டுவது, கிட்டார் கம்பியின் உயரம் சரிசெய்வது. கற்றுத்தர இப்போது இருக்கும் மூத்த பட்டறைக்காரர்களையே ஆசிரியர் என்ற பதவியோடும் சம்பளத்தோடும் அழைக்க வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் சேரும் சான்றிதழ் வகுப்பாக இருந்தால், திண்ணை ஓரத்தில் இருந்த வேலை வகுப்பறைக்குள் வரும்.

கோயில் கமிட்டிகளும் இதில் வரலாம். திருவிழாக் கணக்கில் மேளக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குக் கீழே கருவிப் பராமரிப்பு என்று ஒரு வரி சேர்த்து, ஆயிரமோ இரண்டாயிரமோ எழுதினால் போதும். பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

சரி, தனி ஆளாகக் கருவி வாங்குபவர் என்ன செய்யலாம்? பிள்ளைக்கு இணையத்தில் கிட்டாரோ ஆர்மோனியமோ வாங்கினால், மிச்சமான 500 ரூபாயை எடுத்துக்கொண்டு நேரே ஒரு பட்டறைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் விரலுக்கும் காதுக்கும் அது நல்லது. பழைய ஆர்மோனியம் வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்தி ஊமைக் கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். காற்று வேகமாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து அழுத்துங்கள். ஒலி அலை அலையாக ஆடினால் சுருதி விலகியிருக்கிறது. விலகியிருந்தால் வாங்கக் கூடாது என்றில்லை. விலையில் பழுதுக்கூலியைக் கழித்துப் பேசி, அந்தக் கூலியைப் பட்டறைக்காரருக்குக் கொடுத்து வாங்கலாம்.